பேயும் பூதமும் நம் நாவும்



இம்முறை எடுத்துக்கொண்ட பொருள் சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். பேய், பிசாசு, பூதம், இராட்சதன், இயக்கி, முனி, நீலி என்னும் சொற்களைப் பற்றியே எழுத விழைகின்றேன். இவை நாள்தோறும் நம் இல்லங்களில் வழங்குபவை. குழந்தை உறங்க மறுத்தால் ஒரு சொல். பெண்பிள்ளை தலைவாராமல் வந்து நின்றால் ஒரு சொல். மருமகள் கண்கலங்கினால் ஒரு சொல். நீரை வடிகட்டிப் பருகுகின்றோம். பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை. எறும்பு ஊரும் வழியில் காலெடுத்து வைக்க அஞ்சுகின்றோம். வாய்க்குள் செல்வதற்கு இத்தனை காவல் வைத்த நாம், வாயிலிருந்து வெளிவருவதற்கு வைத்த காவல் எவ்வளவு என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலில் நம் ஆகம மரபில் உள்ள ஒரு வரலாற்றைக் கூறுகின்றேன். சௌராட்டிர நாட்டுக் கிரிநகரத்துச் சந்திரகுகையில் தரசேனாசாரியர் தங்கியிருந்தார். தம்மோடு சுருதஞானம் அழிந்துவிடலாகாதே என்னும் கவலையால், தென்னாட்டு முனிசங்கத்தினின்றும் தகுதிவாய்ந்த இருவரை வரவழைத்தார். வந்தவர்களைச் சோதிக்க விரும்பி, ஆளுக்கொரு மந்திரத்தைக் கொடுத்து, உண்ணாநோன்பிருந்து செபிக்குமாறு பணித்தார். ஒரு மந்திரத்தில் வேண்டுமென்றே எழுத்தைக் கூட்டியிருந்தார், மற்றொன்றில் குறைத்திருந்தார். செபம் முடிந்ததும் இருவர் முன்னும் தேவதைகள் தோன்றின. ஒன்றுக்குப் பற்கள் வெளியே நீண்டிருந்தன. மற்றொன்றுக்கு ஒரே கண். சாதாரண மக்களாயின் அலறியோடியிருப்பார்கள். அவ்விரு முனிவரும் ஓடவில்லை. தேவர்க்கு இயல்பிலே விகார வடிவம் இல்லையே, ஆகவே பிழை எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று தெளிந்து, மந்திர இலக்கணத்தின்படி மிகுந்ததை நீக்கியும் குறைந்ததைச் சேர்த்தும் மீண்டும் செபித்தனர். அத்தேவதைகளே தம் இயல்பான அழகிய வடிவில் வந்து நின்றன.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எழுத்துப்பிழை திருத்துதல் குறித்து எங்களுக்கு எத்தனையோ பாடங்கள் நடத்தப்பட்டன. இதற்கு ஈடான பாடம் ஒன்றை நான் அங்குக் கேட்டதில்லை. அச்சம் தந்தது தேவதையன்று, பிழைபட்ட எழுத்து.

அம்முனிவர் இருவருள் ஒருவர் புட்பதந்தர்; மற்றவர் பூதபலி. கல்வி நிறைவுற்ற நாளில் பூததேவர்கள் மலர்தூவி இசைமுழக்கி வழிபட்டமையால் அப்பெயர் அமைந்தது என்பர். பூதபலியார் பின்னர்த் திரமிள நாட்டிற்கு, அதாவது நம் தமிழ்நாட்டிற்கு வந்தார். அவ்விருவரும் இயற்றிய சட்கண்டாகமம் ஏட்டில் நிறைவேறிய நாளையே சுருத பஞ்சமியாகக் கொண்டாடுகின்றோம். நம் ஆகமத்தை நமக்களித்த பெருமகனாரின் பெயரிலேயே பூதம் என்னும் சொல் இருக்கின்றது என்பதை இளைஞர்கள் கருத்தில் கொள்ளவேண்டும்.

இனி, இவர்கள் யார் என்று நம் நூல்கள் கூறுவதைக் காண்போம். உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் நான்காம் அத்தியாயத்தில் தேவர்களை நான்கு நிகாயத்தினராக வகுக்கின்றார். அவருள் இரண்டாம் நிகாயத்தினர் வியந்தரர். வியந்தரர் எண்வகையினர்: கின்னரர், கிம்புருடர், மகோரகர், கந்தருவர், இயக்கர், இராக்கதர், பூதர், பிசாசர். இந்த எட்டுப் பெயரையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். இனிமையாகப் பாடுபவரைக் 'கந்தருவக் குரல்' என்று புகழ்கின்றோம். இரைந்து அழும் குழந்தையைப் 'பிசாசு மாதிரி கத்துகிறது' என்று இகழ்கின்றோம். கந்தருவரும் பிசாசரும் ஒரே நிகாயத்தார்; ஒரே கதியினர்; குறைந்த அளவு பதினாயிரம் ஆண்டு ஆயுள் என்பதும் இருவர்க்கும் ஒன்றே. ஒருவர் பெயர் பட்டமாகவும் மற்றவர் பெயர் வசையாகவும் ஆனது நம் நாவின் வேலையேயன்றி நூலின் தீர்ப்பன்று.

அப்பிறவி எவ்வாறு கிடைக்கின்றது என்பதும் அறியத்தக்கது. தேவாயுளுக்குரிய காரணங்களுள் அகாம நிர்ச்சரையும் ஒன்று. விரும்பி நோன்பு ஏற்காவிட்டாலும், சிறைப்பட்டோ பசித்தோ வேறு துன்பத்தில் அகப்பட்டோ, அதனைக் கொதிப்பின்றிப் பொறுத்துக்கொள்ளும் உயிர்க்கு வினை ஓரளவு உதிர்கின்றது. அத்தகைய உயிர்கள் வியந்தரராகப் பிறத்தல் உண்டு. பிசாசர் என்று நாம் சொல்லி அஞ்சும் அவ்வுயிர், முற்பிறவியில் யாரோ ஒரு பசித்த மனிதனாக, கட்டுண்டு கிடந்த ஒரு விலங்காக இருந்திருக்கலாம்.

அவர்கள் இரத்தம் குடிப்பர், பிணம் தின்பர் என்பதோ? தேவர்க்குக் கவளாகாரமே கிடையாது. கையால் எடுத்து வாயால் உண்ணும் உணவு அவர்க்கில்லை. நினைத்த அளவில் நிறைவுபெறும் மானச ஆகாரமே உண்டு. உமாசுவாமிகள் ஆறாம் அத்தியாயத்தில் தரிசன மோகனீய வினைக்குரிய காரணங்களைக் கூறுமிடத்து, கேவலி, சுருதம், சங்கம், தருமம், தேவர் ஆகிய ஐவரைக் குறித்தும் இல்லாத குற்றத்தை ஏற்றிக் கூறும் அவர்ணவாதத்தைக் குறிப்பிடுகின்றார். தேவர் மேல் ஏற்றும் அவர்ணவாதம் எது என்பதற்குப் பூச்சியபாதர் தம் சர்வார்த்தசித்தி உரையில் தரும் விளக்கம், அவர்கள் கள்ளும் ஊனும் உண்பதாகக் கூறுதல் என்பதே. பேரப்பிள்ளைகளை உறங்கவைக்கும் பொருட்டு 'இரத்தம் குடிக்கும் பேய் வருகிறது' என்று கதை சொல்லும் தாய்மார்கள் இவ்விடத்தைச் சற்று நின்று படிக்க வேண்டும். நற்காட்சியை மறைக்கும் வினை அவ்வளவு எளிதாகவா வந்து சேர்கின்றது என்று எனக்கும் ஒரு திகைப்பு உண்டாகாமலில்லை.

அதற்கு முந்திய சூத்திரத்திலேயே பூதம் என்னும் சொல் மற்றொரு பொருளில் வருகின்றது. இன்பம் தரும் சாதாவேதனீய வினைக்குக் காரணமாவன யாவை என்று கூறுமிடத்து முதலில் வைக்கப்படுவது பூதங்களிடத்து இரக்கம். அங்குப் பூதம் என்றது எல்லா உயிர்களையும். 'உளதாயது' என்பதே அச்சொல்லின் அடிப்பொருள். நிலம், நீர், தீ, வளி, விசும்பு ஆகியவற்றை ஐம்பூதம் என்பதும் அது பற்றியே.

பழந்தமிழர்க்கும் இச்சொற்கள் வசையாகத் தோன்றவில்லை. சங்கத்துச் சான்றோருள் பூதனார் என்ற பெயருடையோர் பலர். ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் ஓர் அரசன். பேயனார் ஒரு புலவர். வைணவர் போற்றும் முதலாழ்வார் மூவருள் ஒருவர் பூதத்தாழ்வார், ஒருவர் பேயாழ்வார். காரைக்காலம்மையார் தம்மைப் பேய் என்று தாமே கூறிக்கொண்டார். சிலப்பதிகாரத்துப் புகார் நகரில் சதுக்கத்திலிருந்த பூதம் பொய்த்தவ வேடத்தாரையும் பொய்ச்சாட்சி சொல்வோரையும் ஒறுத்து நகரைக் காத்தது. இன்று நாலு தெரு கூடுமிடத்தில் பொய்ச்சாட்சி சொல்பவன் அஞ்சுவதற்கு என்ன இருக்கின்றது?

இக்கால வழக்கைப் பார்ப்போம். சொற்கள் தேய்ந்து வேறு வேறாய்ப் போயின. பூதக்கண்ணாடி என்பது சிறியதைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி. அதில் அச்சம் எதுவுமில்லை. சிறு செய்தி பெரிதானால் பூதாகாரம். திருவிழாத் திடலில் சுற்றுவது இராட்சத இராட்டினம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி வந்தபோது செய்தித்தாள்கள் 'இராட்சத அலை' என்றே எழுதின; ஆழிப்பேரலை என்னும் அழகிய தமிழ் பின்னரே பரவியது. இரவிசேணாசாரியர் பத்மபுராணத்தில் இராக்கதர் என்போர் வித்தியாதர குலத்து மனிதர். இராவணன் சினாலயத்தில் வழிபாடு செய்தவன். அவனுக்குப் பத்துத் தலை என்பது, குழந்தைப் பருவத்தில் அணிந்த ஆரத்தின் மணிகளில் முகம் பலவாகத் தெரிந்தமையால் வந்த பெயர். அங்கும் பாருங்கள், ஒரு கண்ணாடி வேலைதான் கோரமாக மாறியிருக்கின்றது.

பேய் என்பது செடிகொடிகளுக்கு அடைமொழியாயிற்று. பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்க்கரும்பு என்றால் உண்ணத் தகாதது, காட்டில் தானே முளைப்பது என்று பொருள். பேய்மழை, பேய்க்காற்று என்றால் அளவு மீறியது. இவ்வழக்குகளால் எவர்க்கும் தீங்கில்லை. இவற்றை விலக்க வேண்டும் என்று நான் கூற வரவில்லை. மொழி தன் போக்கில் செல்லும். இடையூறு எங்கே வருகின்றதெனில், இச்சொல் செடியையும் மழையையும் விட்டு மனிதர்மேல், அதிலும் பெண்கள்மேல் ஏறும்போதுதான்.

நம் சமயத்திற்கே உரிய சொற்கள் அச்சொற்களாய் மாறிய கொடுமையையும் சொல்லியாக வேண்டும். நேமிநாதரின் இயக்கி அம்பிகை. தருமதேவி என்று நம் தாய்மார்கள் விளக்கேற்றி வணங்குவது அவளையே. துறவிக்கு உணவளித்த காரணத்தால் கணவனால் விரட்டப்பட்டு, இரு குழந்தைகளுடன் வெளியேறியவள் அவள். கழுகுமலையிலே சிங்கம் அருகிருக்க, குழந்தைகளுடன் அவள் நிற்கும் சிற்பத்தைக் கண்டோர் அத்தாய்மையை மறவார். மாதரி என்னும் இடைக்குல மூதாட்டி மதுரைப் புறஞ்சேரியில் இயக்கிக்குப் பாற்சோறு படைத்துத் திரும்பும் வழியிலேதான் கவுந்தியடிகளைக் கண்டாள். அந்த இயக்கியே சேரநாட்டில் 'யட்சி' ஆகி, வெள்ளைப் புடைவை உடுத்து, பனைமரத்தடியில் வழிப்போக்கரின் இரத்தம் குடிக்கும் பெண்ணாக மாற்றப்பட்டாள். நாஞ்சில் நாட்டில் இசக்கியானாள்.

முனி என்னும் சொல் என்ன ஆயிற்று? திகம்பர முனிவரைக் கண்டால் நாம் தரையில் விழுந்து வணங்குகின்றோம். ஊர்ப்புறத்திலோ 'புளியமரத்தில் முனி இருக்கிறது', 'முனி அடித்துவிட்டது' என்கின்றனர். 2007 இல் 'முனி' என்ற பெயரில் ஒரு திரைப்படமும் வந்தது. ஆவி புகுந்த கதை. நம்மைக் குறித்த அமணர் என்ற சொல்லினின்றே அம்மணம் என்ற சொல் வந்தது என்பர் சொல்லாராய்ச்சியாளர். ஒரு கூட்டத்தாரின் பெயர் பிறர் வாயில் இழிந்து போவதன் வலி நமக்குத் தெரியும். தெரிந்த நாமே அதைப் பிறர்க்குச் செய்யலாமா?

சொல்தானே என்று சிலர் கூறுவர். நான் பணியாற்றிய ஒரு சிற்றூரில் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி வகுப்பிலே திடீரென விழுந்து கைகால் வெட்டி இழுத்தாள். மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று ஆசிரியர்கள் நாங்கள் கூறியதை எவரும் செவிமடுக்கவில்லை. 'பேய் பிடித்திருக்கிறது' என்று வேப்பிலையாலும் பின்னர்ச் சாட்டையாலும் அடித்தனர். ஓராண்டு கழித்து ஒரு மருத்துவர் வலிப்பு நோய் என்று கண்டு மாத்திரை கொடுத்தார்; இழுப்பு நின்றுவிட்டது. சொல் மட்டும் நிற்கவில்லை. அவளருகில் எந்தப் பிள்ளையும் அமரவில்லை. 'பேய்ப்பொண்ணு' என்றே கூப்பிட்டனர். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். நன்றாகக் கணக்குப் போடுவாள்.

வடநாட்டில் நிலைமை இதனினும் கொடிது. டாகினி என்னும் பழைய சொல் 'டாயன்' என்று திரிந்து, அப்பெயர் சூட்டப்பட்ட ஏழைப் பெண்கள், பெரும்பாலும் கைம்பெண்கள், அடித்துக் கொல்லப்பட்டனர். ஒரு பெண்ணை அச்சொல்லால் சுட்டுவதையே குற்றமாக்கிப் பீகார் மாநிலம் 1999 இல் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. சார்க்கண்டு, சத்தீசுக்கர், ஒடிசா, இராசத்தான், அசாம் மாநிலங்களும் பின்னர் அவ்வழி சென்றன. ஒரு சொல்லைத் தடுக்க ஆறு மாநிலங்களில் சட்டம்! நம் ஆசாரியர்களோ வாய்மை அணுவிரதத்தை விளக்குமிடத்தே, பொய்யை மட்டுமன்று, பிறர்க்குத் தீங்கு விளைக்குமாயின் மெய்யையும் பேசற்க என்று விதித்துவிட்டனர். பேய் பிடித்தவள் என்பதோ மெய்யுமன்று.

ஏன் மெய்யன்று என்பதற்கு நம் தத்துவம் தெளிவான விடை தருகின்றது. இறந்தவர் ஆவியாய் அலைவர், மரத்தில் தங்குவர், நிறைவேறாத ஆசையோடு பிறர் உடலில் புகுவர் என்பது நம் நெறிக்கு முற்றும் மாறானது. உடலை விட்ட உயிர் விக்கிரக கதியாற் சென்று, நான்காவது சமயத்திற்குள் தன் புதிய பிறப்பிடத்தை அடைந்துவிடுகின்றது. சமயம் என்பது இங்குக் காலத்தின் மிகச்சிறிய அளவு. கண் இமைப்பதற்குள் எண்ணற்ற சமயங்கள் கழிந்துவிடும். இடையே அலைவதற்குப் பொழுது ஏது?

'அப்படியாயின் நல்லது, வியந்தரர் தேவர்கள்தாமே, அவர்களுக்குப் பொங்கலிட்டுப் பூசை செய்து தீங்கு வராமல் தடுத்துக்கொள்வோம்' என்று எவரேனும் எண்ணினால், அதுவும் வழியன்று. விருப்பு வெறுப்பு உடைய தேவரை வரம் வேண்டி வழிபடுதல் தேவமூடம் என்று சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் கூறினார். அருங்கலச்செப்பு அதனைத் தமிழில் நமக்குத் தந்தது. இழித்துரைத்தலும் வேண்டா, அஞ்சி இலஞ்சம் கொடுத்தலும் வேண்டா. வெளியூர் அதிகாரி ஒருவர் நம் தெருவழியே சென்றால் மதிப்போடு ஒதுங்கி நிற்கின்றோம். நம் வழக்கு அவரிடம் இல்லாதபோது அவர் காலில் விழுவதில்லை அல்லவா? நம் வழக்கெல்லாம் நம் வினையோடுதான்.

நீலி என்ற சொல்லைக் கடைசிக்கு வைத்திருந்தேன். பெண்ணொருத்தி அழுதால் 'நீலிக் கண்ணீர்' என்று ஒரே சொல்லில் அவள் துயரைப் பொய்யாக்கிவிடுகின்றோம். திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில், மனைவி வேடம் பூண்டு கள்ளிக்கட்டையைக் குழந்தையாக இடுப்பில் ஏந்தி, வணிகன் ஒருவனைப் பின்தொடர்ந்து அழுது, ஊர்ச்சபையை நம்பவைத்து அவனைக் கொன்ற நீலியின் கதையிலிருந்து அது வந்தது. தாம் கொடுத்த வாக்குத் தவறியதற்காக எழுபது வேளாளர் தீப்புகுந்தனர் என்பது கதை. நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் இக்கதை இசக்கியின் கதையோடு கலந்துவிட்டது. உலகம் இத்தோடு நின்றுவிட்டது. அதே பழையனூர் நீலியை நம் புலவர் ஒருவர் எடுத்துக்கொண்டு, ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசியைப் பாடினார். ஆசிரியர் பெயர் தெரியாத அந்நூலுக்குச் சமயதிவாகர வாமன முனிவர் உரை வகுத்தார், பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936 இல் பதிப்பித்தார்.

அந்நூலின்படி, பாஞ்சால நாட்டுப் புண்டவர்த்தனத்தில் முனிச்சந்திரர் சுடுகாட்டில் தவமிருந்தார். காளிக்குப் பலியிட ஆடு கொண்டுவந்தவர்களிடம், மண்ணால் செய்த உருவை வைத்து வழிபட்டால் போதும் என்று அறிவுறுத்தித் திருப்பியனுப்பினார். பலியிழந்த காளி, தென்னாட்டிலிருந்து நீலியைத் துணைக்கழைத்தாள். நீலி பல கோர வடிவங்களைக் காட்டினாள், முனிவர் அசையவில்லை. பின் அரசகுமாரி வடிவில் வந்து மயக்க முயன்றாள். இன்னாள் என்று அவர் அறிந்துகொண்டார். அறிந்தபின் அவர் என்ன செய்தார் என்பதே நம் கருத்திற்குரியது. சபிக்கவில்லை, விரட்ட மந்திரம் சொல்லவில்லை, பேயே என்று இகழவுமில்லை. எதிரே நிற்பது கேட்கத் தகுதியுள்ள ஓர் உயிர் என்று கொண்டு, உயிர், வினை, கட்டு, வீடு எல்லாவற்றையும் மாணவிக்கு உரைப்பதுபோல் உரைத்தார். தேவகதியில் விரதம் ஏற்க இயலாது. நற்காட்சி பெறத் தடையில்லை. அவள் பெற்றாள். இதற்குக் கைம்மாறு என்ன செய்வேன் என்று அவள் கேட்க, கொல்லாமையைப் பிறர்க்கு உணர்த்துக என்றார் முனிவர். அவளும் காம்பிலி நகருக்குச் சென்று, அங்கே குண்டலகேசியோடு முதல் வாதம் செய்தாள்.

எஞ்சிய சருக்கங்கள் பலவும் பிற சமயத்தாரோடு செய்யும் தருக்கம்; பிள்ளைகளுக்குச் சற்றுக் கடினம். முதலாவதாகிய தருமவுரைச் சருக்கம் கதையாகவே செல்வது. பள்ளி விடுமுறையில், விளக்கு வைத்தபின், நாளுக்குப் பத்துப் பாடலாக உரையோடு படித்துக் காட்டலாம். பேய்க்கதை கேட்க வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளும் மறுக்கமாட்டார்கள். சுடுகாடு, இருட்டு, நரி, கூகை எல்லாம் அதிலே உண்டு.